முதலில் பேசுகிறவள்

அந்தக் கடையில் பீரை அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்பார்கள். காய்ச்சுகிறவள் ஒரு பெண். எல்லாருக்கும் அவள் மூக்கு அக்கா. சும்மா வந்த பட்டமில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் முதலாளி ஒரு கிளாஸை உறிஞ்சிவிட்டுப் "பிரமாதம்" என்றார். அவள் மோந்து பார்த்து, "சோப்பு வாடை அடிக்குது சார், குழாயச் சரியா அலசல" என்றாள். குழாயைக் கழற்றினால் உள்ளே சோப்பு நுரை. அன்றிலிருந்து முதலாளி வாயை மூடிக்கொண்டார். அவரைப் பார்த்துச் சமையல்காரரும், பாரில் ஊற்றிக் கொடுக்கும் பையனும் மூடிக்கொண்டார்கள். புதுப் பீரை ருசி பார்க்கும் நாளில் மூக்கு அக்கா பேசும்வரை அந்த மேஜையில் யாரும் பேசுவதில்லை. அவள் நல்லது என்றால் நல்லது. அவள் முகம் சுளித்தால் தொட்டியின் அடிவால்வைத் திறந்து சாக்கடையில் விட்டுவிட வேண்டியதுதான். அப்படி விட்டும் இருக்கிறார்கள். இதற்கு மரியாதை என்று பேர். என்னைக் கேட்டால் சோம்பேறித்தனம் என்பேன்.

அந்த மூக்குதான் ஒரு காய்ச்சலோடு போயிற்று. காய்ச்சல் விட்ட காலையில் அடுப்பில் பால் தீய்ந்து பாத்திரம் கறுத்துப் புகை வந்தது. பக்கத்திலேயே நின்றிருந்தவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கணவன் ஓடிவந்து அடுப்பை அணைத்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து முகத்தைப் புதைத்து மோந்தாள். அவன் பைக் மெக்கானிக். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத கிரீஸ் வாடை, அவள் வருஷக்கணக்காகத் திட்டித் தீர்த்த வாடை, அதுவும் இல்லை. அப்போதுதான் அழுதாள்.

வைத்தியர் "வரும், வராமலும் போகலாம்" என்றார். அதைச் சொல்ல வைத்தியர் எதற்கு! அவள் கடையில் மூச்சு விடவில்லை. மோப்பம் போன மூக்கு அக்காவை யார் வைத்துக்கொள்வார்கள்? நாக்கு இருந்தது, இனிப்பு, கசப்பு, புளிப்பு தெரிந்தது. மற்றதற்குக் கணவனை நம்பினாள். ஒரு பாட்டிலில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் அவன் மூக்கருகே நீட்டுவாள்.

"என்ன வாசனை வருது?"

"பீர் வாசனை."

"எந்த மாதிரி?"

"பீர் மாதிரி."

அவன் ஆயுளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. அவனைக் குறை சொல்லி என்ன பயன்? இந்த லட்சணத்தில் இரண்டு பீர்களுக்கு அவள் "சரியா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டாள். மேஜையில் எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அவளுக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருந்தது.

மூன்றாவதாக வந்து நின்றது பார்லி ஒயின். பேரில்தான் ஒயின், திராட்சைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. பார்லி முளையை அள்ளிப் போட்டு, ஒயின் அளவுக்கு வீரியமாகக் காய்ச்சி, இங்கிலீஷ்காரன் பாணியில் மாதக்கணக்கில் ஊறப்போடும் பீர் அது. காய்ச்சலுக்கு வெகு முன்னால், மூக்கு நன்றாக இருந்தபோது அவள் ஆசை ஆசையாகக் காய்ச்சியது. ஒரு வருஷமாக மூலைத் தொட்டியில் கிடக்கிறது. அத்தனை நாளில் எங்காவது காற்று புகுந்திருந்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்துவிடும். ருசி பார்க்கும் நாளுக்கு மறுநாளே குடிக்க வரச்சொல்லி முதலாளி ஊரையே அழைத்தாகிவிட்டது.

நாற்காலிகள் கவிழ்த்து வைத்திருந்த மதிய நேரத்தில் நால்வரும் உட்கார்ந்தார்கள். சின்னக் கிளாஸ்களில் செம்பழுப்பாக, பாகு போல ஒட்டிக்கொண்டு இறங்கியது. அவள் கிளாஸை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றி உறிஞ்சினாள். இனிப்பு. பின்னால் கசப்பு. நெஞ்சுவரை ஒரு சூடு. அவ்வளவுதான், மற்றதெல்லாம் வெறும் சுவர்.

"இன்னைக்கு நீங்க முதல்ல சொல்லுங்க சார்" என்றாள்.

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. "என்னம்மா, பரீட்சை வைக்கிறியா?"

"கலர் நல்லா இருக்கு" என்று சமையல்காரர் தப்பித்துக்கொண்டார்.

பையன் கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று பேரும் இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகம் முகமாகத் தேடினாள். ஒன்றிலும் ஒன்றுமில்லை.

"சரியா வந்திருக்கு" என்றாள் கடைசியில்.

"ஆமா! அதேதான் நானும் நினைச்சேன்" என்றார் முதலாளி. மற்ற இருவரும் தலையாட்டினார்கள்.

இந்த ஆமாம் அவளுக்கு எதையும் சொல்லவில்லை. போன இரண்டு தடவையும் இதே ஆமாம்தானே? என்ன தோன்றியதோ, இன்னொரு வாய் உறிஞ்சிவிட்டு, "இல்ல, பின்னாடி அட்டை வாடை வருதே" என்றாள். அவளுக்கு ஒரு வாடையும் வரவில்லை.

"வருது, வருது" என்றார் சமையல்காரர்.

"எனக்கும் லேசா வந்துச்சுக்கா" என்றான் பையன்.

முதலாளி எழுந்தே விட்டார். "கடை பேரு கெட்டா திரும்ப வாங்க முடியாது. கொட்டிடலாம்." விடுவிடுவென்று மூலைத் தொட்டிக்குப் போய்க் குனிந்து அடிவால்வில் கை வைத்தார்.

ஒரு வருஷம், ஒரு பொய்யில் சாக்கடைக்குப் போகப்போகிறது. வாயை மூடிக்கொண்டால் வேலை தப்பும், திறந்தால் பீர் தப்பும்.

"கொட்டாதீங்க சார்! எனக்கு மூக்கு இல்ல."

வால்வில் கை வைத்தபடியே அவர் திரும்பினார்.

"காய்ச்சலோட போயிடுச்சு. சும்மா சொன்னேன். நல்லா இருக்குன்னதும் சும்மா, அட்டை வாடைன்னதும் சும்மா. எனக்கு ஒண்ணுமே தெரியல."

முதலாளி மெதுவாக வந்து உட்கார்ந்தார். "அப்போ கொட்டறதா, வேணாமா? நீயே சொல்லும்மா."

"நான் சொல்ல மாட்டேன். இதக் காய்ச்சினப்போ எனக்கு மூக்கு இருந்துச்சு, அது மட்டும் தெரியும். இப்ப எப்படி இருக்குன்னு நீங்கதான் குடிச்சுட்டுச் சொல்லணும். வேலைய விட்டு அனுப்பறதுன்னா அப்புறமா அனுப்புங்க."

மூன்று பேரும் மருந்து குடிப்பது போலக் கிளாஸை எடுத்தார்கள். அவள் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சமையல்காரர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "பேரீச்சம்பழம்" என்றார், திருடிவிட்டவர் குரலில். "சர்க்கரைப் பாகு கொஞ்சம் கருகினா ஒரு வாசம் வருமே, அதுவும் இருக்கு. அட்டை கிட்டை எதுவும் இல்லம்மா. எனக்குப் பிடிச்சிருக்கு."

காய்ச்சிய அன்று அவள் மனதில் நினைத்ததும் பேரீச்சம்பழமும் கருகின பாகும்தான். வீட்டில்கூடச் சொன்னதில்லை. அவள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். முதலாளி இன்னொரு வாய் குடித்துவிட்டு, "பேரீச்சம்பழம் எனக்குத் தெரியல" என்றார். "ஆனா நல்லா இருக்கு. நெஜமாவே நல்லா இருக்கு."

வாய் திறந்தால் திறந்ததுதான். பையனுக்கும் துணிச்சல் வந்துவிட்டது.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. போன பீர்ல வெந்த முட்டைக்கோஸ் நாத்தம். குடிக்க வந்தவங்க பாதி கிளாஸ அப்படியே வெச்சுட்டுப் போனாங்க."

சமையல்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா. என் அடுப்புல இருந்து வருதோன்னு ரெண்டு தடவ போய்ப் பாத்தேன்."

"அடப்பாவிங்களா! அன்னைக்கே சொல்லியிருக்கலாமேடா?"

"எப்படிக்கா சொல்றது?" என்றான் பையன். "நீங்கதான் முதல்ல பேசிட்டீங்களே."