முப்பத்தெட்டு என்றது கழுத்து

ஹர்கராஜ் ராய் நேபாளத்து மலையூரான சல்லேரியில் சுமை தூக்கத் தொடங்கி இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது நாற்பத்தேழு. கூடைப் பட்டையை நெற்றியில் மாட்டி எழுந்து நின்றாரென்றால் எடை இவ்வளவு என்று சொல்லிவிடுவார். அரைக் கிலோவுக்கு மேல் பிசகியதாக யாருக்கும் நினைவில்லை. தராசில் நிறுத்த பிறகும் அவர் தூக்கிப் பார்த்துச் சொன்னால்தான் சுமைக்காரர்களுக்கு அது எடை.

கார்த்திக் மாதம் ஏழாம் தேதி, காலை ஆறேகால் மணி. வெள்ளைக்காரர்கள் எட்டுப் பேர் மலையேறக் கிளம்பும் முதல் நாள். ஆளுக்கு முப்பது கிலோ என்பது விதி. அதைத் தூக்க முடியாதவருடைய இடத்துக்காக மைதானத்து ஓரத்தில் பதினோரு பேர் காத்திருந்தார்கள்.

ஹர்கராஜ் தன் கூடையைத் தூக்கினார்.

"முப்பத்தெட்டு."

சுமைக்காரர்களின் தலைவன் கெலு ஷெர்பா சிரித்தான். "அண்ணே, விடியுமுன்னயே ஊத்திக்கிட்டீங்களா? இப்பத்தானே முப்பதுன்னு நிறுத்தேன்!"

"திரும்ப நிறு."

முள் முப்பதில் நின்றது. தராசு சரிதானா என்று பார்க்க, தைத்த வாய் பிரிக்காத இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையைத் தொங்கவிட்டார்கள். சரியாக இருபத்தைந்து. ஹர்கராஜுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"அண்ணி கூடைக்குள்ள ஏறி உக்காந்திருக்காங்களா, பாருங்க!" என்றாள் பக்கத்துக் கூடைக்காரி சுக்மாயா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவளே குனிந்து பார்த்தாள். "அட, இது புது நைலான் பட்டை! நெத்திய அறுக்காம என்ன செய்யும்? இடுப்புல சுத்தியிருக்கிற பழச மாட்டுங்கண்ணே."

அவர் மனைவி காஞ்சொறிச் செடியின் நாரில் நெய்த பட்டை அது. அவிழ்த்து மாட்டினார். இப்போது விடை எல்லோருக்கும் தெரியும். முப்பது என்று சொன்னால் தீர்ந்தது. காத்திருந்தவர்களில் ஒருவன் அதற்குள் எழுந்து தன் பட்டையை உதறிக்கொண்டிருந்தான்.

ஹர்கராஜ் எழுந்தார்.

"முப்பத்தெட்டு."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. சுக்மாயா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கெலு கூடையருகே வந்தான். "முப்பதுன்னு சொல்லித் தொலைச்சிருக்கலாமே அண்ணே. யாரு கேக்கப் போறா?"

"கழுத்து அப்படித்தானே சொல்லுது. எடையில நான் பொய் சொன்னதில்லடா, கெலு."

கெலு குத்துக்காலிட்டு உட்கார்ந்து கூடையைப் பிரித்தான். அடுப்பையும் ஒரு மண்ணெண்ணெய் டின்னையும் வெளியே எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தான். இருபத்திரண்டு.

"இப்பத் தூக்குங்க."

தூக்கினார். யோசிக்கும் முன்பே வாய் சொல்லிவிட்டது. "முப்பது."

சொன்னவரே திடுக்கிட்டு நின்றார்.

"விதி முப்பதுதான். உங்க எடைக்கு எப்பவாவது நாங்க மறுபேச்சு பேசியிருக்கோமா? நடங்க," என்று கெலு அடுப்பையும் டின்னையும் தன் முதுகுப் பையில் கட்டிக்கொண்டான். எழுந்து நின்றவன் பாரம் பின்னால் இழுக்க மறுபடி உட்கார்ந்தான்.

ஆறே முக்காலுக்கு வரிசை நகர்ந்தது. முதல் ஏற்றம் முழுவதும் ஹர்கராஜ் ஒரு கையால் பிடரியைத் தடவியபடியே நடந்தார், அது வேறு யாருடையதோ என்பதுபோல.