அக்கா மாடி ஏறாத வெள்ளிக்கிழமை

எங்கள் அக்கா கர்த்தருக்குள் இளைப்பாறப் போய் ஒரு வருஷம் ஆகிறது. இளைப்பாறுதல் என்று எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அந்த வேலை மட்டும் அக்காவுக்குக் கடைசிவரை தெரியாது. மத்தியானத்தில் ஒரு அரைமணி நேரம் அவர் கண்ணயர்ந்து நான் பார்த்ததில்லை. அவர் பின்னாலேயே ஓடிக் களைத்துப் போனவன் நான். இந்த நினைவு மலருக்கு நாலு நல்ல வார்த்தை எழுதச் சொன்னார்கள். நல்ல வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் அக்கா தம் வாயாலேயே ஒப்புக்கொண்ட ஒரு தவறையும் சேர்த்து எழுதினால்தான் அது அக்காவாக இருக்கும். இல்லாவிட்டால் வேறு யாரோ ஒரு பரிசுத்தவானின் கதையாகிவிடும்.

அக்கா பிறந்தது தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா பாயிண்ட்ஸ்மேன். அக்கா பத்தாவது படிக்கும்போதே அம்மா தவறிவிட்டார்கள். அன்றிலிருந்து எனக்குச் சோறு போட்டதும், சட்டைக்குப் பொத்தான் தைத்ததும், ஞாயிற்றுக்கிழமை காலையில் காதைப் பிடித்து ஆலயத்துக்கு இழுத்துப் போனதும் அவர்தான். பிறகு தபால் ஆபீஸில் கவுன்ட்டர் வேலை கிடைத்தது. கல்யாணமானது. சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் ஒரு வீடும் கட்டினார்கள். வீடு பிரதிஷ்டை ஆன சில வருஷத்திலேயே அத்தான் மாரடைப்பில் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அக்காவைத் தனியாக விட மனசு வராமல் நானும் என் மனைவியும் மாடிக்குக் குடிவந்தோம்.

அத்தான் போன பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அக்காவுக்குத் துணையாக அக்கம்பக்கத்து விசுவாசிப் பெண்கள் சிலர் வந்து உட்கார்ந்து ஜெபித்தார்கள். அதுதான் எங்கள் வீட்டுக் கூட்டத்தின் ஆரம்பம். பிறகு சேலையூர், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று குடும்பங்கள் சேர்ந்தன. ஆக மொத்தம் ஒரு ஹால் கொள்ளுகிற கூட்டம்தான். ஆனால் யாருக்குக் காய்ச்சல், யார் வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேசிக்கொள்ளவில்லை, யார் பிள்ளைக்கு வேலை போயிற்று என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமை காலையில் தூக்குப்பாத்திரத்தில் ரசத்தோடு கிளம்பிவிடுவார். விசுவாசி வீடு, இந்து வீடு என்ற கணக்கெல்லாம் அவரிடம் கிடையாது. ஒருமுறை கூட்டத்துக்கு வந்த ஒரு தம்பி, தெருவில் சுவிசேஷக் கைப்பிரதி கொடுக்கலாமா என்று கேட்டார். காய்ச்சல்காரனுக்குக் காகிதம் எதற்கு, முதலில் ரசத்தைக் கொடு, குடித்துவிட்டு அவனே கேட்பான் என்று அக்கா சொல்லிவிட்டார். அவன் கேட்டானோ இல்லையோ, ரசம் நிற்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தால் எனக்கு அலுப்பு வந்துவிடும். ஆபீஸிலிருந்து மின்சார ரயிலில் நசுங்கி வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் சோபாவை நகர்த்தச் சொல்லி கீழேயிருந்து குரல் வரும். வீட்டைப் பெருக்குவது, பாட்டு எடுப்பது, வசனம் சொல்வது, ஜெபிப்பது, சுக்கு காபி போடுவது எல்லாம் அக்காதான். வந்தவர்கள் டம்ளரை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் திரும்பினால்கூட விட மாட்டார். "நீங்க களைச்சு வந்திருக்கீங்க, உட்காருங்க" என்பார். செம்பாக்கம் பீட்டர், பெரிய கம்பெனியில் கணக்கு அதிகாரி, எங்கள் வீட்டில் தான் சாப்பிட்ட தட்டைத் தூக்கியதில்லை. அவரைக் குறை சொல்லி என்ன பயன்? அக்கா தூக்க விட்டால்தானே?

ரிட்டயர் ஆன பிறகும் இப்படியே ஓடிய அக்காவுக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டதென்று தெரிந்தபோது, நாங்கள் எல்லாரும் அதிர்ந்து போனோம். அக்கா மட்டும் டாக்டரிடம், டயாலிசிஸ் வெள்ளிக்கிழமை வராதபடி போட முடியுமா என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் வாரம் நாங்கள் எல்லாருமே அங்கேதான் இருந்தோம். அந்த வெள்ளிக்கிழமை வழக்கம்போல எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள். கேட்டில் பூட்டு. கொஞ்ச நேரம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்துவிட்டு, பீட்டர் எனக்கு போன் போட்டு அக்கா எப்போது டிஸ்சார்ஜ் என்று விசாரித்துவிட்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். அக்காவுக்காக ஒரு வார்த்தை அங்கே நின்று ஜெபிக்கலாமே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அன்பு இல்லாமல் இல்லை. ஜெபத்தை ஆரம்பித்து வைப்பவர் படுக்கையில் இருந்தார், அவ்வளவுதான்.

மறுநாள் அக்கா, நேற்று யார் ஜெபம் நடத்தியது என்று கேட்டார். பொய் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதாது. நடந்ததைச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்து எழுந்தேன்.

"தம்பி, இத்தனை வருஷம் நான் நடத்தினது சபை இல்லடா. என் வீட்டு விருந்து. ஒருத்தரையும் ஒரு டம்ளர் கழுவ விடலை. தப்புப் பண்ணிட்டேன்" என்றார்.

சும்மா இரு அக்கா, நீ வீட்டுக்கு வந்தால் எல்லாம் பழையபடி நடக்கும் என்றேன். அதுதான் கூடாது என்றார். தாம் உயிரோடு இருக்கும்போதே கூட்டம் வேறொருவர் வீட்டில் நடக்க வேண்டும், அதை வேறொருவர் நடத்த வேண்டும், இல்லையென்றால் தம்மை அடக்கம் பண்ணுகிற அன்றைக்கே இதையும் சேர்த்துப் புதைத்துவிடுவீர்கள் என்றார். அது உண்மை என்று எனக்கும் தெரியும். உள்ளுக்குள், புதைந்தால்தான் என்ன, எனக்காவது ஓய்வு கிடைக்குமே என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் படுக்கையிலிருந்தே ஒவ்வொருவருக்கும் போன் போட ஆரம்பித்தார். டயாலிசிஸ் முடிந்து வந்தால் துவைத்த துணி மாதிரி கிடப்பார், ஆனால் போன் மட்டும் கையைவிட்டுப் போகாது. பதில்களும் வந்தன. ஃப்ளாட்டில் அசோசியேஷன் ஒத்துக்காது அக்கா. மாமியார் வந்திருக்காங்க அக்கா. பிள்ளைக்குப் பரீட்சை அக்கா. நீங்க குணமாகி வந்து நடத்துங்க அக்கா, உங்க ஜெபம் மாதிரி வருமா. இந்தக் கடைசிப் பதில்தான் அக்காவை மிகவும் சோர வைத்தது. ஒருநாள் நான் போனைப் பிடுங்கி அலமாரியில் வைத்துவிட்டேன். என் மனைவி எடுத்துக் கொடுத்துவிட்டாள். பல வாரங்கள் வெள்ளிக்கிழமை கூட்டமில்லாமலே போயிற்று.

ஒருநாள் எங்கள் கூட்டத்துக்கு வரும் ஜெயசீலி வந்தாள். ஸ்கூல் வேனில் ஆயாவாக இருக்கிறாள். மாடம்பாக்கத்தில் ஒரு வீட்டு மாடியில், தகரக் கூரை போட்ட ஒற்றைப் போர்ஷனில் இரண்டு பெண்பிள்ளைகளோடு வாடகைக்கு இருக்கிறாள். எங்க வீட்ல வெக்கலாம் அக்கா, ஆனா உட்காரவே இடம் இருக்காது, எனக்குப் பேசவும் வராது என்றாள். அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

கீழே குடியிருந்த வீட்டுக்காரம்மா சகுந்தலாம்மா அந்த ஊர்ப் பழைய குடும்பம். என்ன சொல்வார்களோ என்று ஜெயசீலி பயந்து பயந்து கேட்டிருக்கிறாள். "ஜெபம் தானே, பண்ணிக்கினு போங்க. வாசல்ல கோலம் கீது, செருப்பெல்லாம் அது மேல போடாம இருங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டார்களாம்.

அந்த வெள்ளிக்கிழமை அக்காவைக் காரில் அழைத்துப் போனோம். மாடிப்படி குறுகலாகவும் செங்குத்தாகவும் இருந்தது. நாற்காலியில் வைத்துத் தூக்கிவிடுகிறோம் என்று பீட்டரும் நானும் நின்றோம். அக்கா மறுத்துவிட்டார்.

"நான் மேல வந்தா எல்லாரும் என் முகத்தைத்தான் பார்ப்பீங்க. போங்க. நான் கீழயே இருக்கேன்."

அப்படியே சகுந்தலாம்மாவின் ஹாலில் உட்கார்ந்துவிட்டார். என்னையும் மேலே போகச் சொன்னார். நான் போகவில்லை. சகுந்தலாம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தார். டயாலிசிஸ்காரருக்குத் தண்ணீருக்கே கட்டுப்பாடு, ஆனாலும் மரியாதைக்கு இரண்டு வாய் குடித்தார்.

மேலே எல்லாரும் உட்கார்ந்த சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. யாரோ இருமினார்கள். யாரோ பாயை இழுத்தார்கள். மறுபடியும் அமைதி. யார் ஆரம்பிப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். பிடி இறுகிக்கொண்டே போயிற்று. கீழேயிருந்து அவர் ஒரு வரி எடுத்துக் கொடுத்திருந்தால் போதும், மேலே அத்தனை பேரும் பிடித்துக்கொள்வார்கள். வாயைத் திறந்தார். நானும் எதிர்பார்த்தேன். மூடிக்கொண்டார். கண்ணில் தண்ணீர் நின்றது. ஐயோ, எழுந்து போய் நானே கத்திவிடலாமா என்றிருந்தது எனக்கு.

கடைசியில் ஜெயசீலியின் குரல் வந்தது. எடுத்த சுருதி எட்டாத உயரம். இரண்டாவது வரியில் எல்லாரும் கைவிட்டுவிட்டார்கள். நின்றது. மறுபடியும் எடுத்தாள், அதைவிட உயரத்தில்.

சகுந்தலாம்மா, "இன்னாமா, உங்க ஆளுங்களுக்குப் பாட்டே வராதா?" என்றார்.

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, உடம்பு குலுங்கக் குலுங்கச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. மூன்றாவது தடவை பீட்டர் தாழ்வாக எடுத்துக் கொடுக்க, பாட்டு ஒருவழியாகக் கரை சேர்ந்தது. பிறகு ஜெயசீலி ஜெபித்தாள். தடுமாறித் தடுமாறி ஜெபித்தாள். வீடு கொடுத்த கீழ்வீட்டு அம்மாவுக்காகவும் ஜெபித்தாள். அது தனக்குத்தான் என்று தெரிந்து சகுந்தலாம்மா தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நேராக உட்கார்ந்தார். அக்கா ஆமென் சொன்னார், மெதுவாக, மேலே கேட்காதபடி. காபி டம்ளர்களைப் பீட்டர் கழுவினார் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

அதற்குப் பிறகு அக்கா வெகுநாள் இருக்கவில்லை. கூட்டம் வீடு வீடாகப் போனது, அவர் படுக்கையிலிருந்து எங்கே என்று மட்டும் விசாரிப்பார். கடைசி வெள்ளிக்கிழமை சேலையூரில் ஒரு வீடு என்றேன். சரி என்றார். ஞாயிறு காலையில், ஆலய மணி அடிக்கும் முன்பே போய்விட்டார். அடக்க ஆராதனையில் பாட்டெடுக்க யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக முறை வைத்துக்கொண்டு வந்த வீட்டாருக்கும், குழாய் போட்ட கைக்கு வலிக்காமல் ரவிக்கை மாற்றித் தைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுச் சகோதரிக்கும், ஆயரவர்களுக்கும், அடக்கத்தன்று தெருவெல்லாம் தண்ணீர் தெளித்து நாற்காலி போட்ட எங்கள் தெரு இந்துச் சகோதரர்களுக்கும், ஹாலையும் மோரையும் கொடுத்த சகுந்தலாம்மாவுக்கும், என் முணுமுணுப்பை எல்லாம் கேட்டுக்கொண்டு அக்காவைக் குளிப்பாட்டிய என் மனைவிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. எல்லாரையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக.

நினைவு நாள் ஜெபம் எங்கள் வீட்டில்தான் என்று நினைத்துப் பலரும் கேட்கிறீர்கள். எங்கள் வீட்டில் இல்லை. இந்த வாரம் பீட்டர் வீட்டு முறை, செம்பாக்கத்தில். அசோசியேஷன் ஒத்துக்கொண்டுவிட்டதாம். எனக்கு முழங்கால் வலி, இப்போது கார் ஓட்ட முடிவதில்லை. யாரையும் எதுவும் கேட்டு எங்கள் குடும்பத்தில் பழக்கமில்லை. ஆனாலும் கேட்கிறேன். சிட்லபாக்கம் வழியாக வருகிறவர்கள் யாராவது என்னையும் ஏற்றிக்கொள்ளுங்கள். கேட்டருகில் நிற்கிறேன்.