நின்று நின்று கிளம்பும் வண்டி

வண்டி ஓட்டக் கற்க வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பெயர் கிளட்ச் அக்கா. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்ததிலிருந்து இறங்கும்வரை "கிளட்ச்! கிளட்சை மிதிங்க!" என்று தொண்டை கிழியக் கத்துவதால் வந்த பெயர். அந்தப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவள் சொல்லிக்கொடுத்ததைச் சுருக்கினால் ஒன்றுதான் மிஞ்சும்: நடுரோட்டில் எஞ்சினை அணையவிடக் கூடாது.

அப்படிப்பட்டவள் தலையில்தான் முதலாளி புது வண்டியைக் கட்டினார். சிக்னலில் நின்று, கியரை நியூட்ரலுக்குத் தள்ளி, கிளட்சிலிருந்து காலை எடுத்தால் எஞ்சின் தானாகவே அணைந்துவிடும். திரும்பக் கிளட்சை மிதித்தால் தானாகவே கிளம்பும். எரிபொருள் மிச்சமாம். பழகினவர்களுக்குச் சரி. ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்திருக்கிறவர்களுக்கு? ஒருவர் பதறிப்போய்ச் சாவியைத் திருகுவார். கல்லூரிப் பெண் ஒருத்தி அழுதே விட்டாள். "நீ ஒண்ணும் பண்ணலைம்மா, அதுவா நின்னுச்சு" என்று சொல்லிச் சொல்லிக் கிளட்ச் அக்காவுக்கு வாய் ஓய்ந்துபோனது.

அந்த வசதியை நிறுத்திவைக்க ஒரு பட்டன் இருந்தது. இருந்து என்ன பிரயோஜனம்? சாவி போட்டு வண்டியைக் கிளப்பும் ஒவ்வொரு தடவையும் மறுபடி அமுக்க வேண்டும்.

"இதை ஒரேயடியா எடுத்துத் தொலைங்களேன்" என்று மெக்கானிக்கிடம் போய் நின்றாள்.

"நான் கை வெச்சா வாரண்டி போயிடும்க்கா."

முதலாளியோ, "பழகிடும்மா, எல்லாம் பழகிடும்" என்றார். அவர் பள்ளிக்கு வந்துபோவது பைக்கில்.

இந்த அழகில் நாத்தனார் வந்து சேர்ந்தாள். கணவனின் மூத்த அக்கா. தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். அவள் வீட்டுக்காரருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்ததில், இனி வண்டி ஓட்டவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கண் ஆஸ்பத்திரி இருப்பதோ ஊரின் மறுகோடியில். வாசலில் வண்டி சும்மா நிற்கிறது, ஓட்ட ஆளில்லை.

"என்கிட்ட கத்தக் கூடாது, இப்பவே சொல்லிட்டேன்" என்றாள் சீட் பெல்ட்டை மாட்டும்போதே.

"கத்த மாட்டேன்க்கா."

பல்லைக் கடித்துக்கொண்டு கத்தாமல்தான் இருந்தாள். நாத்தனாருக்கு எதைச் சொன்னாலும் காரணம் வேண்டும். "இப்ப ஏன் ரெண்டாவது கியர்?" விளக்கி முடிப்பதற்குள் திருப்பம் பின்னால் போயிருக்கும்.

ஒருநாள் மேட்டில் ஏறும்போது வண்டி உண்மையாகவே அணைந்துபோனது. பின்னால் லாரி நெருக்க, அவசர அவசரமாகச் சாவியைத் திருப்பிக் கிளப்பினார்கள். பட்டன் கிளட்ச் அக்காவின் ஞாபகத்திலிருந்து நழுவிவிட்டது. அடுத்து வந்தது ஊரிலேயே பெரிய நாற்சந்தி. சிவப்பு விளக்கு. நாத்தனார் ஒழுங்காக நிறுத்தி, நியூட்ரல் போட்டு, காலை எடுத்தாள். எஞ்சின் மூச்சை நிறுத்தியது.

"போச்சு! மறுபடியும் போச்சு!" என்று பெல்ட்டைக் கழற்றி, கதவைத் திறந்து, கைப்பையோடு நடுரோட்டில் இறங்கிவிட்டாள். "எனக்கு இது வராது. நீயே ஓட்டிக்கோ."

பச்சை விழுந்தது. பயிற்சி வண்டி என்பதால் தன் பக்கமும் இருந்த கிளட்சைக் கிளட்ச் அக்கா மிதித்துப் பார்த்தாள். கதவு திறந்து பெல்ட்டும் கழன்றிருந்ததால் வண்டி அசைந்துகொடுக்காமல் கீச் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. பின்னால் ஒரு பஸ்காரன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவில்லை.

"ஏறுங்கக்கா! ஓட்டிட்டு வந்த வண்டியை ரோட்டுல விட்டுட்டு யாராவது இறங்குவாங்களா? யார் சொல்றதையும் கேக்கறதே இல்ல, எல்லாம் உங்க இஷ்டம்தான்!"

பஸ் ஜன்னல்களில் தலைகள் நீண்டன. நாத்தனார் நடைபாதைக்குப் போய், கையைக் காட்டி, டாக்ஸி ஏறிப் போனாள்.

வீட்டுக்கு வந்தால் கணவன் போனில் "சரிக்கா, சரிக்கா" என்று தலையாட்டிக்கொண்டிருந்தான்.

"நீ கத்தாம இருந்திருக்கலாம்."

"உங்க அக்கா இறங்காம இருந்திருக்கலாம்!"

"அதுவும் வாஸ்தவம்தான்" என்று சொல்லிவிட்டுக் கொடியில் துணி எடுக்க நழுவினான். அவளுக்கு ஆத்திரம் ஆறவில்லை. பட்டனை மறந்தது தான்தான் என்பது வேறு உள்ளே குடைந்தது.

சில நாள் கழித்து நாத்தனார் பயிற்சிப் பள்ளிக்கே வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பில்லை.

"அவர்கிட்ட சொன்னேன், விழுந்து விழுந்து சிரிக்கிறார். எங்க வண்டியும் அப்படித்தான் நிக்குமாம், நிறுத்திவைக்க ஒரு பட்டனும் இருக்காம். பக்கத்துலயே உக்காந்து போயிருக்கேன், கவனிச்சதே இல்ல."

"வழியெல்லாம் பேசிக்கிட்டே போனா எப்படிக் கவனிப்பீங்க?" வாய் தவறி வந்துவிட்டது.

நாத்தனார் ஒரு கணம் முறைத்தாள். "சரி. இனிமே அந்தப் பட்டனைத் தொடாதே. அணையட்டும், பழகிக்கிறேன். கத்தணும்னா கத்திக்கோ."

அதற்குமேல் அனுமதி வேண்டுமா? கிளட்ச் அக்கா ஆசை தீரக் கத்தினாள். நாத்தனாரும் சளைக்காமல் திருப்பிக் கத்தினாள். கத்தலுக்கு நடுவே வண்டி நேராக ஓட ஆரம்பித்தது.

லைசென்ஸ் தேர்வன்று அதிகாரி முன்னால் உட்கார, கிளட்ச் அக்கா வாயைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு பின்னால் உட்கார்ந்தாள். அதே நாற்சந்தியில் எஞ்சின் அணைந்தது. நாத்தனாரின் கை பெல்ட் பக்கம் போனது. கிளட்ச் அக்கா உதட்டைக் கடித்தாள். போன கை பாதியில் திரும்பி மடியில் அமர்ந்தது. பச்சை விழுந்ததும் கிளட்ச், கியர், வண்டி கிளம்பிவிட்டது. கடைசியில் ரிவர்ஸில் எடுத்து நிறுத்தியது கொஞ்சம் கோணல்தான். ஆனாலும் பாஸ்.

இப்போது நாத்தனார்தான் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறாள். போய்வந்த கையோடு கிளட்ச் அக்காவுக்குப் போன் வரும். நேற்றும் வந்தது.

"உங்க பள்ளி வண்டி இன்னைக்குச் சிக்னல்ல வெள்ளைக் கோட்டைத் தாண்டி நின்னுச்சு, பாத்தேன். என்னதான் சொல்லிக்குடுக்கறே?"

அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. கிளட்ச் அக்கா போனைக் கணவன் கையில் திணித்தாள்.

"உங்க அக்கா. நீங்களே பதில் சொல்லுங்க."