தம்பி கட்டிய தொரைக் காடி

ராசா என்கிற ஊரில் தன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு, என் தம்பி மூன்று வருஷமாக ஒரு காடி கட்டினான். காரை இங்கே நாங்கள் காடி என்றுதான் சொல்வோம். பெட்டி பெட்டியாக வந்த சாமான்களைக் கோத்துக் கட்டியதுதான். மலாய்க்காரர்கள் ஆமை என்று கூப்பிடும் உருண்டைக் காடி ஒன்றை வாங்கி, மேல் ஓட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அடிச்சட்டத்தின் மேல் கூரையில்லாத ஃபைபர் உடம்பைக் கவிழ்த்தான். வெள்ளைக்காரன் காலத்துப் பந்தயக் காடி மாதிரி நீளமான மூக்கு, வெள்ளி வலை, மூடியின் மேல் ஒரு தோல் பெல்ட். அந்த மூடியைத் திறந்தால் உள்ளே எஞ்சின் இருக்காது. எஞ்சின் ஆமைக்கு இருந்த மாதிரியே பின்னால் கிடக்கிறது. மூக்குக்குள் அவனுடைய குடையும் பழைய செருப்பும்தான் இருக்கும். கதவுக்கு உள்பக்கம் பிடி கூடக் கிடையாது, ஒரு கயிற்றை இழுத்துத் திறக்க வேண்டும்.

இந்தப் பொய்ச் சாமானை அவன் துடைக்கிற அழகைப் பார்த்தால் எனக்குக் குமட்டும். பெற்ற பிள்ளையைக்கூட அவன் அப்படித் துடைத்து நான் பார்த்ததில்லை. அதையாவது பொறுத்துக்கொள்வேன். அதற்கு அவன் ‘தொரைக் காடி’ என்று பேர் வைத்திருந்தான். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

ஏனென்றால் தொரைக் காடி என்றால் என்ன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ரெம்பாவ் பக்கத்துத் தோட்டத்தில் அப்பா பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்த காலத்தில், செம்மண் சாலையில் தோட்டத்தை நடத்தும் தொரையின் காடி வந்தால் சைக்கிளில் போகிறவன் இறங்க வேண்டும். தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, காடி தாண்டிப் போகும்வரை கால்வாய் ஓரம் நிற்க வேண்டும். இறங்காதவனைக் கணக்கெழுதும் கிராணி மறுநாள் எல்லோர் முன்னாலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் திட்டுவார். வெள்ளைக்காரத் தொரை போய் நம் நாட்டுத் தொரை வந்த பிறகும் அது நிற்கவில்லை. வேலையை விட்ட அன்று அப்பா தொரைக் காடிக்கு எதிரே இறங்காமல் மிதித்துக்கொண்டே போனார். “அன்னிக்குத்தான்டா சைக்கிள் எனக்குச் சொந்தமாச்சு” என்பார். அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டது வாழ்க்கையில் அது ஒன்றுதான். தம்பியும் என் பக்கத்தில் உட்கார்ந்துதான் அதைக் கேட்டான்.

போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவனும் அவனைப் போலவே கிறுக்குப் பிடித்த நாலு கூட்டாளிகளும் பழைய காடிகளோடு தோட்டத்துக்குப் போனார்கள். தொரை பங்களா முன்னால் படம் பிடிக்கவாம். தம்பி காக்கி அரைக்கால் சட்டை, முழங்கால்வரை வெள்ளைக் காலுறை, தலையில் தொரைத் தொப்பி என்று வந்து நின்றான். நான் ஏன் ஏறினேன் என்று கேட்டால் சொல்லவே அசிங்கமாக இருக்கிறது. என் காடி பட்டறையில் இருந்தது, தோட்டத்து ஓரத்திலேயே குடியிருந்த அப்பாவுக்குச் சீனி வியாதி மருந்து கொண்டுபோக வேண்டும், ஓசி சவாரி. அவ்வளவுதான்.

தோட்டத்தில் இப்போது பால்மரம் இல்லை, எல்லாம் எண்ணெய்க்கான செம்பனை. சாலை மட்டும் அதே செம்மண். வளைவு தாண்டியதும் எதிரே ஒரு சைக்கிள் வந்தது. அப்பா. எண்பது தாண்டியும் காலையில் கோவில்வரை மிதித்துப் போய் வருவார். கண்ணில் புரை வேறு. தம்பி ரப்பர் ஹாரனை இரண்டு தடவை அமுக்கினான்.

அப்பா இறங்கினார்.

இறங்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்து, சைக்கிளைப் பிடித்தபடி கால்வாய் ஓரம் நின்றார். தம்பி சிரித்தான். நிறுத்துவான் என்று பார்த்தால், தொரை மாதிரி ஒரு கையைத் தூக்கிக் காட்டிவிட்டு, அப்பாவைத் தாண்டிப் பத்தடி போய்த்தான் நிறுத்தினான். பின்னால் வந்த கூட்டாளி கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டிருந்தான்.

“அங்கிள், சூப்பர்லா! இன்னொரு வாட்டி பண்ணுங்க, பக்கத்துல வந்து எடுக்கிறேன்.”

“ஆமாப்பா,” என்றான் தம்பி, திரும்பிப் பார்த்து. “ஏறிட்டு ஒருக்கா எறங்குங்க, வீடியோ எடுக்கட்டும்.”

குரலைக் கேட்டதும்தான் அப்பாவுக்கு ஆள் தெரிந்தது. தொப்பியைப் பார்த்தார், காடியைப் பார்த்தார், பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னையும் பார்த்தார். நான் கயிற்றை இழுத்தேன், அது அறுந்து கையோடு வந்துவிட்டது. கதவைத் தாண்டிக் குதித்தேன். “அண்ணே, பெயின்ட்டு! பெயின்ட்டு!” என்று கத்தினான் அந்த நாய். சொந்தத் தம்பியை அப்படிச் சொல்லக் கூடாதுதான். சொல்லிவிட்டேன், அழிக்கப் போவதில்லை.

அப்பா அதற்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்க ஆரம்பித்திருந்தார். முட்டி வலியால் அவரால் சமதரையில் ஏற முடியாது, கோவில் படிக்கட்டில் கால் வைத்துத்தான் ஏறுவார். ஒரு தடவை இறங்கினால் வீடுவரை நடைதான். நான் ஓடிப்போய் ஹேண்டிலைப் பிடித்தேன். அவர் விடவில்லை.

“தெரியாம எறங்கிட்டேன்டா,” என்றார். “கால் தானா எறங்கிருச்சு.”

கூடவே நடந்தேன். சட்டைப் பையில் கைப்பேசி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். குடும்பக் குழுவில் தம்பி, கூட்டாளி எடுத்த படத்தைப் போட்டிருந்தான், கீழே ‘தொரை வந்தா இன்னும் எறங்குறாரு எங்கப்பா’ என்று எழுதி. பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராகச் சிரிக்கிற முகங்களைப் போட ஆரம்பித்திருந்தார்கள்.

“டேய்,” என்றார் அப்பா, என்னைப் பார்க்காமல். “நான் எறங்கினது பேரப்பிள்ளைங்களுக்குத் தெரிய வேணாம்டா.”

“சரிப்பா,” என்றேன்.