குகன் அண்ணை போடாத வோட்டு

குகன் அண்ணை, நீங்கள் போடாத அந்த வோட்டை நான் இன்னும் மறக்கேல்ல.

அவர் என்ர கூடப்பிறந்த அண்ணை. ஊரில வோட்டுப் போடுற வயசில ஆமிக்காரர் அவரைக் காம்பில அடைச்சு வைச்சிருந்தவங்கள். லண்டனில அகதி விசா கிடைச்ச பிறகுதான், இலங்கை கொமன்வெல்த் நாடெண்டபடியா எங்கட ஆக்களும் இங்க வோட்டுப் போடலாமெண்டு தெரிஞ்சுது. அப்ப அவருக்குக் கான்சர் முத்திட்டுது. எண்டாலும் எலக்சன் அண்டைக்கு முழுகி, திருநீறு பூசி, என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டு வந்தார்.

"என்னண்ணை, பொம்பிளை பாக்கப் போறியளோ?"

"வாயை மூடிக்கொண்டு நட பிள்ளை."

வோட்டுச் சாவடியில இருந்த மனிசி போட்டோ உள்ள கார்ட் கேட்டா. அண்ணையிட்டப் பாஸ்போர்ட் இல்லை. விசாக் கார்டையும் அரசாங்கம் நிப்பாட்டி, இனி எல்லாம் போனிலதான் எண்டு சொல்லிப்போட்டுது. அவர் போனைக் காட்டினார்.

"சொறி, போனில காட்டினா ஏலாது. கார்ட்தான் வேணும்" எண்டா அவ.

அண்ணை வோட்டுப் பெட்டியையே பாத்துக்கொண்டு நிண்டார். பிறகு, "சரி, அடுத்தமுறை போடுவம்" எண்டார். அடுத்தமுறை அவர் இருக்கமாட்டார் எண்டு எங்கள் ரெண்டு பேருக்கும் தெரியும்.

'உனக்கு என்ன விருப்பம்?' எண்டு ஒரு நாடும் அவரை ஒருக்காலும் கேக்கேல்ல. எனக்கு இனி வோட்டுப் போடவே மனம் வராது.

இதை வாசிக்கிற எல்லாரும் என்ர அண்ணையின்ர ஆத்மசாந்திக்காக ஒருக்காக் கும்பிடுங்கோ.