அக்கா வாய் திறக்காத தேர்தல்

எங்கள் தெரு ஓட்டு எந்தப் பக்கம் சாயும் என்று தெரிய வேண்டுமானால், கட்சிக்காரர்கள் மாவு மில்லுக்குத்தான் வருவார்கள். மில் என் கூடப்பிறந்த அக்காவுடையது. என்னைவிட மூன்று வயது மூத்தவள். அத்தான் போன பிறகு தனியாளாக அந்த மிஷினை ஓட்டி, இரண்டு பெண்களைக் கரையேற்றியவள். கடவுள் எனக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனாலும் அக்காவைப் பார்த்தால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ கரிக்கும். அதை மறைத்துக்கொண்டு அவளைப் பற்றி எழுதினால் அது பொய்.

அக்கா எந்தக் கட்சிப் பெயரையும் சொல்ல மாட்டாள். பெண்கள் டப்பாவோடு வரிசையில் நிற்பார்கள். கோதுமையைக் கொட்டிக்கொண்டே, "போன தடவ ஜெயிச்சவர் அப்புறம் இந்தப் பக்கம் தலை காட்டினாரா?" என்பாள். அவ்வளவுதான், நாற்பது வீட்டு ஓட்டும் திரும்பிவிடும். ஆண்கள் டீக்கடையில் தொண்டை வற்றக் கத்திவிட்டு, வீட்டில் பெண்கள் சொன்ன சின்னத்தில் குத்திவிட்டு வருவார்கள்.

இந்தத் தடவை வார்டு மெம்பருக்கு என் வீட்டுக்காரர் சுயேச்சையாக நின்றார். ஒயர்மேன் வேலை. இந்தத் தெருவில் அவர் ஏறாத கம்பம் இல்லை. இனிமேலாவது ஜனங்கள் என் வாசலுக்கு வருவார்கள் என்று எனக்கு ஒரே பூரிப்பு. நோட்டீஸ் கொடுக்கப் போன முதல் வீட்டிலேயே தையல்காரம்மா சிரித்தாள்.

"உனக்கென்னம்மா கவலை, மில்லுக்கார அக்கா இருக்காங்க. உன் வீட்டுக்காரர் படுத்துக்கிட்டே ஜெயிச்சிடுவார்."

வயிறு பற்றிக்கொண்டது. நேராக மில்லுக்குப் போனேன். அக்கா பெல்ட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். புருவமெல்லாம் மாவு.

"அக்கா, இந்த எலெக்‌ஷன்ல நீ ஒண்ணும் பேசக் கூடாது."

"ஏன்டி?"

"அவர் தன்னால ஜெயிக்கணும். உன்னாலன்னு பேர் வரக் கூடாது."

"உன் புருஷனுக்குச் சொல்லாம வேற யாருக்குடி நான் சொல்லுவேன்?"

"யாருக்கும் சொல்ல வேண்டாம். என்மேல சத்தியம் பண்ணு."

பெல்ட்டை இழுத்துச் சரிபார்த்தாள். "சத்தியமெல்லாம் எதுக்கு. பேசல, போ."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். பெண்கள் விடாமல் கேட்டிருக்கிறார்கள். "உங்க தங்கச்சி வீட்டுக்காரர் நிக்கிறாரே, எப்படிக்கா?" என்றால், "மாவு நைசா வேணுமா, ரவையாட்டம் வேணுமா?" என்று கேட்பாளாம்.

பெண்கள் அதற்கு ஒரு கணக்குப் போட்டார்கள். சொந்தத் தங்கை புருஷனுக்கே இவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்றால் அந்த ஆளிடம் வெளியே தெரியாத கோளாறு ஏதோ இருக்கிறது. இத்தனை வருஷமாக அக்காவின் பேச்சைக் கேட்டு ஓட்டுப் போட்டவர்கள், இந்தத் தடவை அவள் மௌனத்தைக் கேட்டுப் போட்டார்கள். இருபத்திரண்டு ஓட்டில் அவர் தோற்றார்.

மறுநாள் காலை என்னையும் இழுத்துக்கொண்டு மில்லுக்குப் போனார். "பதினெட்டு வருஷமா இந்த மோட்டாரை நான்தானே பாக்கறேன். ஒரு வார்த்தை சொன்னா வாயா வலிக்கும், அக்கா?"

அக்கா என்னைப் பார்க்கக்கூட இல்லை. "எனக்குத் தோணல தம்பி. தப்புதான்," என்றாள்.

அப்போது எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது பொறாமைதான். இதிலும் அவளே பெரியவளாகிவிட்டாளே என்றிருந்தது. வீட்டுக்கு வந்ததும் நடந்ததை அப்படியே அவரிடம் கொட்டினேன். நல்லவளாகத்தான் சொன்னேனா, அக்கா மட்டும் நல்லவளாக இருந்துவிடக் கூடாது என்று சொன்னேனா, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "அவங்க பெரிய மனுஷிடி," என்று சட்டையை மாட்டிக்கொண்டு மறுபடி மில்லுக்குப் போனார். ஒரு மணி நேரம் கழித்து, தலையெல்லாம் மாவோடு சிரித்துக்கொண்டே திரும்பினார்.

"அடுத்த தடவ அவங்களையே நிக்கச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"என்ன சொன்னா?"

"முதல்ல உன்னைக் கேக்கணுமாம்."

நின்றால் ஜெயித்துவிடுவாள். என் ஓட்டும் அவளுக்குத்தான் விழும். அதுதான் வயிற்றெரிச்சல்.