மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

“வண்டி யாரோடது? நீங்க ஓட்டலாம்னு இன்சூரன்ஸ்ல இருக்கா?”

சாவிக்காக நீட்டிய கையை மடக்காமலே கேட்பார் டயர் கடை அண்ணன். கடைக்கு வருகிற எல்லோருக்கும் முதல் கேள்வி இதுதான். எந்தச் சக்கரத்தில் காற்று இறங்கியது என்பதெல்லாம் அப்புறம். அப்பாவின் காரை எடுத்துக்கொண்டு போன என்னிடமும் கேட்டார். பள்ளியை முடித்து, ஓட்டுநர் உரிமம் கைக்கு வந்த சூடு ஆறாத எனக்குப் பதில் தெரியவில்லை. “லைசென்ஸ் இருக்குண்ணே” என்றேன். “நானும் ஒரு காலத்துல அப்படித்தான் சொன்னேன்” என்று சாவியை வாங்கிக்கொண்டார்.

காரில் ஏறினால் பெல்ட் போடமாட்டார். போடுவதற்குள் இறங்க வேண்டிய இடம் வந்துவிடும். கடை வாசலிலிருந்து ஜாக்கி நிற்கும் இடம் வரை ஓட்டுவார். வேலை முடிந்ததும் திரும்ப வாசல் வரை ஓட்டுவார். கடையின் சிமெண்டுத் தரையும் தெருவும் சேரும் இடத்தில் ஒரு மஞ்சள் கோடு. முன் சக்கரம் அதைத் தொடுவதற்குள் எஞ்சினை அணைத்து இறங்கிவிடுவார். மழை கொட்டட்டும், பின்னால் நிற்பவர்கள் ஹாரனை அலற விடட்டும், வண்டிக்காரர் வந்து உட்கார்ந்துதான் கோட்டைத் தாண்ட வேண்டும். அதனால் அவர் எல்லோருக்கும் கோட்டண்ணன்.

“ஏண்ணே, அந்தப் பக்கம் பாம்பா இருக்கு?” என்பாள் கடையில் சக்கரக் கோணம், அதாவது வீல் அலைன்மென்ட், சரிபார்க்கும் பெண்.

“பாம்பா இருந்தா அடிச்சிடலாமேம்மா.”

கடையின் காப்பீட்டில் ஒரு கணக்கு உண்டு. கடைக்குள் எந்தத் தொழிலாளி வாடிக்கையாளரின் காரை ஓட்டினாலும் அது பொறுப்பேற்கும். தெருவில் ஓட்டிப் பார்க்கப் பெயர் கொடுத்தவர்கள் மட்டும்தான் போகலாம். “உங்க பேரையும் சேத்துடறேனே, இத்தனை வருஷ அனுபவம் சும்மா கிடக்குது” என்று முதலாளியம்மா கேட்டுப் பார்த்தார். “வேணாம்மா. எனக்குக் கோடு வரைக்கும் போதும்” என்று சொல்லிவிட்டுப் பஞ்சரான டயரைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினார். குமிழ் வரும் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவரிடமும் முன்பு ஒரு கார் இருந்தது. பழசு, ஆனால் ராசியான வண்டி. அதன் காப்பீட்டில், தேவைப்பட்டால் அவர் அடுத்தவர் வண்டியையும் ஓட்டலாம் என்று ஒரு சலுகை இருந்தது. வீடு மாறும் சமயத்தில் அந்தக் காரை விற்றார். சாமான்களை ஏற்ற, தங்கை கணவரின் ரொட்டி வேனை இரவல் கேட்டார். விடியற்காலையில் கடை கடையாக ரொட்டி போடும் வேன் அது. அந்தக் குடும்பத்துக்கு அதுதான் கையும் காலும். “எடுத்துட்டுப் போ மச்சான், இதுக்கெல்லாம் கேக்கணுமா?” என்றார் தங்கை கணவர். தங்கை மட்டும், “அண்ணா, நீ ஓட்டலாமா? ஏதும் பிரச்சனை வராதே?” என்றாள்.

“லைசென்ஸ் இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு. உனக்கு ஏன் இந்தக் கவலை?” என்று அவள் தலையில் செல்லமாகத் தட்டிவிட்டுப் போனார்.

ஈரத் தெருவில், திருப்பத்தில், வேன் வழுக்கி விளக்குக் கம்பத்தில் மோதியது. கட்டிலும் பாத்திரமும் தெருவெல்லாம் சிதறின. அவருக்கு நெற்றியில் கீறலோடு போயிற்று. வேன் இனி தேறாது என்றார்கள். வேனின் காப்பீட்டில் தங்கை கணவரின் பெயர் மட்டும்தான் இருந்தது. அண்ணன் தன்னுடைய காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தார். கார் கைமாறியதுமே அந்தக் காப்பீடு முடிந்துவிட்டது, அதோடு சலுகையும் போய்விட்டது என்றார்கள். அந்தச் சலுகை உயிரோடு இருந்திருந்தாலும் மோதப்பட்டவரின் நஷ்டத்துக்குத்தான் ஆகும். இரவல் வாங்கிய வேனுக்கு ஒன்றும் வராது.

“என்னமோ இன்சூரன்ஸ் என் சட்டைப் பையில இருக்குன்னு நினைச்சிட்டேன். அது வித்த காரோட போயிடுச்சு” என்பார், கேட்டால். கேட்காவிட்டால் சொல்லமாட்டார்.

தங்கை கணவர் வேறொருவரின் ரொட்டிக் கூடத்தில் அடுப்படி வேலைக்குப் போனார். “விடு மச்சான், உசுரு தப்பிச்சுதே” என்றதோடு சரி. ஒரு சுடுசொல் இல்லை. தங்கைதான் பேச்சை நிறுத்தினாள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் சோறு போடுவாள், முகம் பார்க்கமாட்டாள். “இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளுங்க” என்பாள் கணவரிடம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அண்ணன், “போதும்னு சொல்லு மாப்ளே” என்பார். மாப்பிள்ளை நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் தலையாட்டுவார். அவளே தன்னைப் பார்த்து ஒரு வார்த்தை, திட்டாவது திட்டமாட்டாளா என்று காத்திருந்தே அவருக்கு மீசை நரைத்தது.

சென்ற மாதம் ஒரு காலையில் சின்னக் கார் ஒன்று கடைக்குள் வந்தது. வழக்கம்போலக் கையை நீட்டிக்கொண்டே போனார். “வண்டி யாரோ...” என்றவர் நின்றுவிட்டார். ஓட்டுநர் இருக்கையில் மாப்பிள்ளை, பக்கத்தில் தங்கை.

தங்கை இறங்கி வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

“எங்க வண்டிதான். நீ ஓட்டலாம்னு இருக்கு.”

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. மாப்பிள்ளைதான் விளக்கினார். “நாளைக்குக் கண் ஆபரேஷன் மச்சான். அப்புறம் டாக்டர் சொல்ற வரைக்கும் வண்டியைத் தொடக் கூடாதாம். பக்கத்து வீட்டுக்காரர் நான் ஓட்டறேன்னார், உன் தங்கச்சி ஒத்துக்கல. உன் பேரைச் சேத்தாத்தான் ஆச்சுன்னு ஒத்தக் கால்ல நின்னா.”

“இல்ல... நீங்க சரியாக் கேட்டீங்களா?” என்றார் அண்ணன்.

தங்கை போனை எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்தைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். காற்றடிக்கும் மிஷினை யாரோ நிறுத்தினார்கள். மறுமுனையில் ஒரு பெண் வண்டி எண்ணைச் சரிபார்த்து, ஓட்டலாம் என்றிருந்த இரண்டு பெயர்களைச் சொன்னாள். இரண்டாவது அவருடையது.

“வண்டிக்கும் சேத்துத்தானேம்மா? எதிர்ல இருக்கறவங்களுக்கு மட்டும்னு இல்லையே?”

“வண்டிக்கும் சேர்த்துத்தான் சார். நீங்க ஓட்டினாலும் அதேதான்.”

“இன்னொரு தடவை சொல்றீங்களா?”

சொன்னாள். சக்கரக் கோணம் பார்க்கும் பெண் அன்றைக்குக் கிண்டல் செய்யவில்லை.

முன் டயர்கள் இரண்டையும் மாற்றினார். போல்ட்டுகளை முறுக்கி, திரும்ப வந்து மறுபடியும் முறுக்கினார். மாப்பிள்ளை பின்னால் மாறிக்கொண்டார். அவர் கையைத் துடைத்துவிட்டு ஓட்டுநர் இருக்கையில் ஏறினார். தங்கை பக்கத்தில் உட்கார்ந்தாள். கார் வாசல் வரை வந்தது. மஞ்சள் கோட்டுக்கு முன்னால் அவர் கை தானாக எஞ்சினை அணைத்தது, கதவு திறந்தது, ஒரு கால் தரையில் ஊன்றியிருந்தது.

“பெல்ட்டைப் போடுண்ணா” என்றாள் தங்கை, தெருவைப் பார்த்தபடி.

காலை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினார். பெல்ட்டை இழுத்தார். அதன் நுனியைச் செருக இடம் தெரியாமல் கை இருக்கையின் ஓரத்தில் தடவியது. தங்கை அந்தக் கையைப் பிடித்து, கொக்கியில் வைத்து அமுக்கினாள்.

இதைப் படித்தவர்கள், சாவி கொடுக்கிற வீட்டிலும் சாவி வாங்குகிற வீட்டிலும் கோட்டண்ணனின் அந்த முதல் கேள்வியைக் கேட்கச் சொல்லிவிடுங்கள்.